என் வீட்டுக்காரருக்கு ஊர் அழுத கதை

என் வீட்டுக்காரருக்கும் அந்தத் தலைவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஊர் வேறு, சாதி வேறு, கட்சியும் வேறு. சொல்லப்போனால் எல்லாக் கட்சிக்கும் ஏதாவது ஒரு தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கும் என் வீட்டுக்காரர், அந்தக் கட்சிக்கு மட்டும் போட்டதேயில்லை. முகம் மட்டும்தான் ஒன்று. ஒரே அச்சில் இரண்டு முகம் வார்த்து, ஒன்றைச் சென்னைக்கும் மற்றொன்றை ராஜபாளையத்துக்கும் கடவுள் அனுப்பிவிட்டார். சென்னைக்குப் போனது மந்திரியானது. ராஜபாளையத்துக்கு வந்தது பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் சூப்பர்வைசரானது.

கல்யாணமான புதிதில் அவர் முகம் அவருடையதாக மட்டும்தான் இருந்தது. அந்தத் தலைவர் அப்போது சென்னையில் வேறு யாரோ ஒரு தலைவருக்கு மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு அவர் வளர்ந்தார். எம்.எல்.ஏ. ஆனார், மந்திரியானார், கட்சியை உடைத்தார், சொந்தக் கட்சி ஆரம்பித்தார். ஒவ்வொரு படி ஏறும்போதும் சுவரில் அவர் படம் பெரிதாகிக்கொண்டே போனது. எங்கள் தெரு டீக்கடைக்காரர் ஒருநாள் சுவரையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தலைவருக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். பின்னால் வாரிய நரைமுடி, மேலுதட்டை மறைத்த மீசை, பேசுவதற்கு முன் தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் பழக்கம் எல்லாமே அப்படியே. பழக்கம்கூட எப்படி ஒத்துப்போனது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் கூச்ச சுபாவம். யாராவது “தலைவரே” என்று கூப்பிட்டால், தறிச் சத்தத்தில் காது மந்தமானவர் போல நடந்துவிடுவார். ஒரு தேர்தலில் நிஜத் தலைவரே ராஜபாளையத்துக்குப் பிரச்சாரத்துக்கு வந்தார். எங்கள் வார்டின் வட்டச் செயலாளர் இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பிரச்சார வேனுக்கு முன்னால் நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. தலைவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. கெட்ட நாற்றம் அடித்தது போல முகத்தைத் திருப்பி எதிர்ப்பக்கத்துக்குக் கும்பிடு போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். “ஏட்டி, நான் என்ன அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்?”

“அவரு தன் மூஞ்சியப் பத்தி அப்படி நினைக்காரோ என்னமோ” என்றேன்.

அந்த வட்டச் செயலாளரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோரும் அவரை ‘வட்டம்’ என்றே கூப்பிடுவார்கள். பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கல்யாணமோ கருமாதியோ கட்சிக் கூட்டமோ, எதுவானாலும் அவருடைய நாற்காலிதான் போகும். அதனால் எந்தச் செய்தியைக் கேட்டாலும் முகத்தில் துக்கமும் சுறுசுறுப்பும் சேர்ந்தே வரும்.

தலைவர் நோய்வாய்ப்பட்டுச் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, டிவிக்காரர்கள் வாசலிலேயே குடியேறிவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வாசலைக் காட்டினார்கள். வாசலில் ஒரு புங்கமரம். தமிழ்நாடு மொத்தமும் அந்தப் புங்கமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே போனால் பிரேக்கிங் நியூஸ், வெளியே வந்தால் பிரேக்கிங் நியூஸ். ஒரு சேனல் ‘கவலைக்கிடம்’ என்றால் அடுத்த சேனல் ‘இட்லி சாப்பிட்டார்’ என்றது. ஒரு டாக்டர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து சிறுநீரகத்தின் படத்தைக் காட்டி விளக்கினார். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

“உங்களுக்கு என்ன செய்யுது?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான்” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவரைத் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் “ஒடம்பு பரவாயில்லையா?” என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். தலைவர் போய்விட்ட செய்தி வந்த அன்று மதியம் சாப்பாட்டு மணிக்கு முன்பே பள்ளியை விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் போட்ட சந்தோஷக் கூச்சலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. தலைமையாசிரியை பிரம்பால் மேசையைத் தட்டி, “துக்கம்! இது துக்கம்! துக்கமா வெளியே போங்க!” என்று கத்தினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளிக்கொண்டே வெளியே போனார்கள்.

பஸ் நிலையத்துக்கு வந்தால் பஸ் இல்லை. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கருப்புத் துணி கட்டிய பைக்குகள் இப்படியும் அப்படியும் பறந்தன. என்னோடு நின்ற கணக்கு டீச்சர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் தோளைத் தொட்டார்.

“டீச்சர், இது உங்க சார் இல்ல?”

பார்த்தேன். என் வீட்டுக்காரரேதான். எங்கள் வீட்டு வாசலில், வட்டத்தின் கடையில் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற சிம்மாசன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. தோளில் கட்சித் துண்டு. பக்கத்தில் ஊதுபத்தி புகைந்தது. காலடியில் நாலைந்து பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கீழே எழுத்து ஓடியது: ‘ராஜபாளையத்தில் தலைவரின் மறு உருவம். கண்ணீர்க் கடலில் தொண்டர்கள்.’ கேமராவை நெருக்கி வைத்து எடுத்ததால் கடல் மாதிரிதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது அந்தக் கடலில் எங்கள் பால்காரர், இஸ்திரிக்காரர், வட்டத்தின் கடையில் நாற்காலி தூக்குகிற ஆட்கள் எல்லோரும் தெரிந்தார்கள்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. சங்கரன்கோவிலில் இருக்கும் என் சித்தி.

“ஏட்டி, டிவில பாத்தேன்” என்று குரல் உடைந்து அழுதாள். “உக்கார வச்சு மாலையெல்லாம் போட்ருக்காவளே. எப்பட்டி ஆச்சு? ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“ஒண்ணும் ஆகல சித்தி. உசுரோடதான் இருக்காரு.”

“பொறவு எதுக்கு ஊதுபத்தி?”

“நான் பொறவு பேசுதேன்” என்று வைத்தேன். வைத்த கையோடு அடுத்த அழைப்பு. சித்தி அதற்குள் நாலு பேருக்குச் சொல்லியிருந்தாள்.

அன்றைக்குச் சாலையில் கட்சிக் கொடி கட்டிய வண்டிகள் மட்டும்தான் ஓடின. ராஜபாளையம் போகிற ஒரு கட்சி வேனில் கெஞ்சி இடம் பிடித்தேன். உள்ளே பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். வயல்காட்டை ஒட்டிப் போகும்போது கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். ஊர் வந்தால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ‘அய்யா போயிட்டியளே’ என்று கதறினார்கள். ஊர் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து கிரிக்கெட் தொடர்ந்தது. இறங்கும்போது ஒருவர் மிக மரியாதையாக, “பாத்துப் போங்க அக்கா, யாருக்கும் கஷ்டமில்லாத சாவு” என்றார்.

தெரு முழுக்க நாற்காலி. அத்தனையும் வட்டத்துடையது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். பின்னால் நின்ற ஒருவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“என்னங்க இது?”

“செத்த நேரந்தான்னு சொன்னாவ” என்றார், மாலைக்குள்ளிருந்து. “படம் வர நேரமாகும், அதுவரைக்கும் உக்காருங்கன்னாவ.”

“படத்துக்குப் பதிலா உங்களையா? உசுரோட இருக்கிற மனுசனுக்கு ஊதுபத்தியா?” நான் ஊதுபத்தியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிறவர். கோபமோ சிரிப்போ பயமோ அதிகமானால் மட்டும் தெலுங்கு வாயில் வரும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாலு, சாலு” என்று அடக்கினார். போதும் என்று அர்த்தம். அடக்கினாரே தவிர, அவருடைய உதடு துடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பை விழுங்குகிறார் என்று தெரிந்தது.

வட்டம் கைகூப்பிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அழுகையா புகையா தெரியவில்லை.

“மதினி, கோவிக்காதிய. சனம் அழுறதுக்கு ஒரு ஆள் வேணும்லா? சென்னைக்கு எத்தன பேரு போவ முடியும்? அண்ணன் மூஞ்சியப் பாத்தா சனத்துக்கு ஒரு ஆறுதல்.”

“ஆறுதல் சொல்லணும்னா நீங்க மாலையப் போட்டு உக்காருங்க.”

“என் மூஞ்சிக்கு யாரு மதினி அழுவா?” என்றார். அந்த ஒரு பதிலில் மட்டும் பொய் இல்லை.

இருட்டுவதற்குள் கூட்டம் கலைந்தது. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனவரை நிறுத்தி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட வைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் குளித்தார். குளித்துவிட்டு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “சென்னைல இருந்து பெரிய சேனல்காரன் வாரானாம். நாளைக்கு வில்லிபுத்தூர்ல மௌன ஊர்வலம். வரச் சொல்லுதாவ” என்றார்.

“நீங்க என்ன சொன்னிய?”

“போகலைன்னா தப்பா நினைப்பாவ.”

மறுநாள் காலையில் அவரே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணாடி முன் நின்று தாடையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினார். வாசற்படியில் நின்ற என்னைக் கண்ணாடியில் பார்த்ததும், மீசையில் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தட்டிவிட்டுக்கொண்டார். ஓட்டுப் போடாத கட்சிக்கு இந்த மனுசன் தாடையைக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். தனியாக விட்டால் இவரைப் பாடையிலேயே ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, நானும் கூடவே கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மினி லாரியை அலங்கரித்து வைத்திருந்தார்கள். பின்னால் தலைவரின் பெரிய படம். படத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர். பார்க்கிறவர்களுக்கு இரண்டு தலைவர் தெரிய வேண்டும் என்று ஏற்பாடு. லாரிக்கு முன்னால் போன ஆட்டோவில் ஒலிபெருக்கி: “இது மௌன ஊர்வலம்! தலைவரின் மறைவுக்கு அஞ்சலி செலுத்தும் மாபெரும் மௌன ஊர்வலம்! அனைவரும் மௌனமாகக் கலந்துகொள்ளுங்கள்!” வீதி அதிர்ந்தது. கோயிலைச் சுற்றியிருந்த புறாக்கள் எல்லாம் மொத்தமாக எழும்பிப் பறந்துவிட்டன.

கடையெல்லாம் அடைப்பு என்றார்கள். ஆனால் ஒரு பால்கோவாக் கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. கருப்புச் சட்டை போட்டவர்கள் வரிசையாகக் குனிந்து, உள்ளே கையை நீட்டி, பொட்டலம் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஏதோ கும்பிடுகிற மாதிரி இருந்தது. சென்னை கேமராமேன் அதையும் எடுத்தார். ‘சாலையில் விழுந்து வணங்கும் தொண்டர்கள்’ என்று போட்டிருப்பார்கள் என நினைக்கிறேன்.

சேனலின் நிருபர் இளைஞர். நல்ல பிள்ளைதான். அழுகையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருந்தார். “சார், கையை நெஞ்சில வைங்க. இன்னும் கொஞ்சம் சோகமா. இல்ல இல்ல, நீங்க அழக்கூடாது, உங்களைப் பாத்து அவங்க அழணும்” என்று லாரியின் பக்கவாட்டில் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரும் தறியில் நூல் அறுந்தால் பார்க்கிற கவனத்தோடு அதைக் கேட்டுச் செய்தார்.

ஓரிடத்தில் லாரி நின்றது. கூட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். கான்சாபுரத்திலிருந்து நடந்தும் சைக்கிளிலுமாக வந்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். சகதி காயாத கால். வயல் வேலையை விட்டுவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும். அழவில்லை. லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்தார். பிறகு காலைத் தொட்டார்.

“சாப்ட்டியளா அய்யா?” என்றார்.

என் வீட்டுக்காரர் திகைத்துப்போனார். தாடை இறங்கிவிட்டது.

“சாப்ட்டேன்யா. நீங்க?”

“எங்க சாப்புட? சேதி கேட்டதுலருந்து எறங்கல.” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “எம்மவனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திய. இல்லன்னா பய பொழைச்சிருக்க மாட்டான். ஒங்கள நேர்ல பாத்துச் சொல்லணும்னே இருந்தேன். அதுக்குள்ள போயிட்டிய.”

அவருக்குத் தெரியும், இது தலைவர் இல்லை என்று. தெரியாமல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு வேறு முகம் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் குனிந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “பய நல்லா இருக்கானா?” என்று மட்டும் கேட்டார். “நல்லா இருக்கான் அய்யா” என்றார் அவர். அந்தத் தலைவரைப் பற்றி நான் கேள்விப்பட்ட எத்தனையோ கதைகளில், இப்படி ஒரு கையெழுத்தும் இருந்திருக்கிறது.

நிருபர் ஓடி வந்தார். “சார், சார், மிஸ் ஆயிடுச்சு. கேமரா அந்தப் பக்கம் இருந்துச்சு. பெரியவரே, ஒரு தடவை மறுபடி சொல்லுங்க, அந்த சாப்டீங்களான்னு கேட்டது, அதுல இருந்து.”

அந்த மனிதர் மைக்கைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். நிருபர், “பரவாயில்ல, காலைத் தொடுறது மட்டும் போதும்” என்றார்.

“தம்பி, அவரை விடுங்க” என்றார் என் வீட்டுக்காரர். அவர் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. நிருபர் ஒதுங்கினார். அந்த மனிதர் கூட்டத்துக்குள் போய்விட்டார். அதன்பிறகு என் வீட்டுக்காரர் நெஞ்சில் கையை வைக்கவும் இல்லை, தாடையைத் தூக்கவும் இல்லை. நிருபருக்கு அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. வேறு சரக்கு வேண்டும். லாரிக்குப் பக்கத்தில் நின்ற நான் அவர் கண்ணில் பட்டேன்.

“அக்கா, நீங்க சாரோட மனைவிதானே? ஒரு சின்ன பேட்டி. லைவ்.” பிறகு என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். “அந்தப் பொட்டு மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு அடிக்குது. எடுத்துட்டா நல்லாருக்கும். பூவையும்.”

வட்டமும் வந்து சேர்ந்தார். “ஆமா மதினி. டிவிக்கு மட்டுந்தான். பொறவு வச்சுக்கிடுங்க.”

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல இருந்தது. லாரிக்கு மேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டுவிட்டது. எழுந்து நின்றுவிட்டார்.

“எடுக்க முடியாது” என்றேன். “மைக்கக் குடுங்க, பேசுதேன்.”

நிருபர் மைக்கை நீட்டினார். காதில் இருந்த கருவி வழியாகச் சென்னையோடு ஏதோ பேசினார். பிறகு கனத்த குரலில், “இங்கே சோகத்தில் மூழ்கியிருக்கும் ஒரு பெண்மணி நம்முடன் இருக்கிறார். சொல்லுங்கம்மா, உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?” என்றார்.

“அவரு சாகல!” என்று கத்தினேன். “நல்லா முழுசா இருக்காரு! காலையில இட்லி தின்னுட்டுத்தான் வந்தாரு! நாளைக்கு வேலைக்குப் போவாரு! யாரும் அவருக்கு மாலை போடவும் வேண்டாம், ஊதுபத்தி கொளுத்தவும் வேண்டாம்! போயி அவங்கவங்க வேலையப் பாருங்க!”

சொல்லி முடித்ததும் மனசு லேசானது. சபாஷ் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன். நிருபரின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கண் பளபளத்தது. “நன்றிக்கா, சூப்பர்” என்றார் மெதுவாக.

ஏன் சூப்பர் என்பது வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டபோதுதான் தெரிந்தது. திரையில் என் முகம். வாய் கோணலாகத் திறந்து, கை மேலே தூக்கி, விரல் விரிந்து. கீழே பெரிய எழுத்து: ‘“அவர் சாகவில்லை!” மரணத்தை ஏற்க மறுத்துக் கதறும் பெண் தொண்டர்.’ இட்லி தின்றது வரை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போவார் என்றதை வெட்டிவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. அன்று மாலை நாலு பேர் உட்கார்ந்து விவாதம் செய்தார்கள். ‘தலைவர்களின் மரணத்தை மக்கள் ஏன் நம்ப மறுக்கிறார்கள்?’ மனநல மருத்துவர் ஒருவர் என் படத்தைக் காட்டி, நெருங்கிய ஒருவரை இழந்தவர்கள் முதலில் இப்படித்தான் மறுப்பார்கள் என்றும், அவர் இட்லி சாப்பிட்டதாகச் சொல்வது ஆழமான ஏக்கத்தின் அடையாளம் என்றும் விளக்கினார். எதிரில் இருந்த கட்சிப் பேச்சாளர், “இது மாதிரியான தாய்மார்கள் இருக்கும்வரை தலைவருக்கு மரணமில்லை” என்று கண்ணைத் துடைத்தார்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணில் நீர் வழிய, “ஆழமான ஏக்கம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்து, துக்கம் முற்றிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, தெலுங்கில் ஏதோ வேண்டிக்கொண்டு போனார்.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், மனசு சரியில்லன்னா லீவு எடுத்துக்கோங்க” என்றார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே, “புரியுது, புரியுது” என்றார். டாக்டர் டிவியில் சொன்னதைத்தான் அவர் நம்பினார். கொஞ்ச நாளைக்கு என்னிடம் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். எட்டாம் வகுப்பில் நான் கேள்வி கேட்டால், தெரியாத பிள்ளைகள்கூட என்னைச் சந்தோஷப்படுத்த ஏதாவது ஒரு பதிலைச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து ராஜபாளையத்தில் நினைவேந்தல் கூட்டம். வட்டம் முன்பே வந்து, மேடையில் அண்ணனுக்கு முன்வரிசை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இவர் போக விரும்பவில்லை. கான்சாபுரத்து மனிதர் ஒருவேளை வரலாம், அவரைப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினார். நானும் போனேன். அதற்குள் கட்சி, தலைவரின் மருமகன் கைக்கு வந்திருந்தது. மருமகனுக்கு மீசை கிடையாது. கண்ணாடி, குட்டை முடி, சிரித்த முகம். மைதானத்தைச் சுற்றி வைத்திருந்த பேனர்களில் அந்தச் சிரித்த முகம்தான் இருந்தது. தலைவர் மேல்மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தார்.

மேடைப் படியில் தொண்டர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

“யாருங்க?”

“வட்டம் வரச் சொன்னாரு.”

அந்த ஆள் என் வீட்டுக்காரரின் முகத்தை நன்றாகப் பார்த்தார். யார் மாதிரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் மறித்தார். வட்டம் மேடையிலிருந்து இறங்கி வந்து காதோடு சொன்னார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதிய. புதுத் தலைவரு வார நேரத்துல பழைய மூஞ்சி மேடைல இருந்தா சனம் கொழம்பும்னு மேல சொல்லிட்டாவ. கீழ உக்காருங்க. நாற்காலி எம்புட்டு வேணாலும் இருக்கு.”

ஒரு மாதத்துக்கு முன் இதே மனிதர் மாலை போட்டு உட்கார வைத்த முகம். இவர் கூட்டத்தில் ஒருமுறை சுற்றி நடந்து, கான்சாபுரத்துக்காரரைத் தேடினார். காணோம். வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் நான் கிண்டல் செய்யவில்லை. எனக்கு வாயில் நிறைய வந்தது. ஆனால் அவர் வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, மடித்துவிட்டு, நடந்துகொண்டிருந்தார். சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் வழக்கம்போலத் தறிக்கூடத்துக்குப் போனார். டீக்கடைக்காரர் ‘தலைவரே’ என்றதற்கு நின்று திரும்பிப் பார்த்து, “பேரைச் சொல்லிக் கூப்பிடுய்யா” என்றாராம். டீக்கடைக்காரருக்கு அவர் பெயர் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தலைவர் என்றே பழகிவிட்டது. அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

சென்ற மாதம் நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்காகச் சேத்தூருக்குப் போனோம். பஸ்ஸில் இறங்கியதும் சின்னக் கூட்டம். நடுவில் ஒரு வாலிபர். செல்போன் கடையில் வேலை பார்க்கிறவராம். சிரித்த முகம், குட்டை முடி. கண்ணில் கோளாறு இல்லை, ஆனாலும் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். நம்முடைய வட்டம் அங்கேயும் வந்து நின்று, அந்த வாலிபரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வட்டத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் நேராக அந்த வாலிபரிடம் போனார். “தம்பி, உங்க தலைவருக்கு ஒடம்பெல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்காருண்ணே” என்றார் அந்த வாலிபர் உற்சாகமாக. “தினமும் ஜிம்முக்குப் போறாரு.”

“சுகரு, பிரஷரு?”

“அதெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

“அப்ப சரி. உங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சா?”

“இல்லண்ணே. பாத்துக்கிட்டிருக்காவ.”

“சீக்கிரம் முடிச்சிருங்க. ஊதுபத்தியப் பிடுங்கி எறிய ஒரு ஆளு வேணும்லா” என்றார் என் வீட்டுக்காரர், வெகு அக்கறையாக. பிறகு என் பக்கம் திரும்பி, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆட்டோவுக்குக் கை காட்டினார்.